இந்த அரே இந்த ரேமில்தான் உட்கார வேண்டும் என்று சி-யில் எப்படிச் சொல்வது?

#1 அரைபிட்

இரண்டு நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது கை கொடுங்கள். சிப் எஸ்டிஎம்32எச்743 மைக்ரோகன்ட்ரோலர். ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) ஓடுகிறது, டிஎம்ஏ1 (கோரைத் தொந்தரவு செய்யாமல் டேட்டாவை நகர்த்தும் பகுதி) வழியாக 1024 சாம்பிளை ஓர் அரேயில் கொட்டச் சொல்லியிருக்கிறேன். அரே முழுக்கப் பூஜ்யம். இதே கோடு எஸ்டிஎம்32எஃப்4 போர்டில் பிசகில்லாமல் ஓடியது. டிஎம்ஏ இல்லாமல் ஒவ்வொரு சாம்பிளாக நானே படித்தால் சரியான மதிப்பு வருகிறது, ஆக ஏடிசி மேல் தப்பில்லை.

டீபக்கரில் அந்த அரேயின் முகவரி ஹெக்ஸ் 20000400 என்று காட்டுகிறது. எச்7-ல் ரேம் ஒரே துண்டாக இல்லை, டிஎம்ஏவால் எல்லாத் துண்டையும் தொட முடியாது என்று எங்கோ படித்த ஞாபகம். அதுதான் காரணமென்றால் இந்த ஒரு அரேயை மட்டும் வேறு துண்டுக்கு மாற்ற என்ன எழுத வேண்டும்? லிங்கர் ஸ்கிரிப்டை (எது எந்த மெமரியில் போக வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) நான் இதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை, ப்ராஜெக்ட் உருவாக்கியபோது தானாக வந்தது, அப்படியே கிடக்கிறது.

#2 சாலிடர்புகை

ஞாபகம் சரிதான். 20000000-ல் தொடங்குவது டிடிசிஎம், 128 கிலோபைட். கோரோடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கும் ரேம் அது, அதனால்தான் அவ்வளவு வேகம், அதனாலேயே டிஎம்ஏ1, டிஎம்ஏ2 இரண்டுக்கும் அங்கே போகப் பாதையே கிடையாது. எம்டிஎம்ஏ என்ற இன்னொரு டிஎம்ஏ மட்டும் போகும். டிஎம்ஏவின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைத் திறந்து பாருங்கள், டிரான்ஸ்ஃபர் எரர் கொடி ஏறியிருக்கும். எரர் கால்பேக் எழுதாமல் விட்டிருப்பீர்கள், அதனால் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கிறது.

743-ல் மற்ற துண்டுகள்: 24000000-ல் ஏஎக்ஸ்ஐ ரேம் 512 கிலோபைட். 30000000-ல் தொடங்கி எஸ்ரேம்1 128, எஸ்ரேம்2 128, எஸ்ரேம்3 32, மூன்றும் அடுத்தடுத்து. 38000000-ல் எஸ்ரேம்4 64 கிலோபைட். பிடிஎம்ஏ என்று இன்னொன்று இருக்கிறதே, அதற்கு இந்தக் கடைசித் துண்டு மட்டும்தான் எட்டும்.

எஃப்407-லும் இதே சங்கதி உண்டு, 10000000-ல் இருக்கும் 64 கிலோபைட் சிசிஎம்மை டிஎம்ஏ தொட முடியாது. ஆனால் அங்கே வழக்கமான லிங்கர் ஸ்கிரிப்ட் எதையும் சிசிஎம்மில் வைக்காது, அதனால் நீங்கள் தப்பித்தீர்கள்.

அவசரத்துக்கு ஒரு பாயின்டரை எடுத்து 30000000 என்ற எண்ணைக் காஸ்ட் செய்து கொடுத்துவிடுங்கள், ஓடும்.

#3 லிங்கர்தாசன்

ஓடும், ஆனால் தயவுசெய்து அதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். 30000000-ல் 2048 பைட் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்பது லிங்கருக்குத் தெரியவே தெரியாது. ஆறு மாதம் கழித்து ஈதர்நெட் டிஸ்கிரிப்டரையோ வேறு எதையோ லிங்கர் அதே இடத்தில் வைக்கும், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று எழுதும், பிழை வராது, வார்னிங் வராது. போதாக்குறைக்கு சைஸ்ஆஃப் பாயின்டரின் அளவைச் சொல்லும், அரேயின் அளவைச் சொல்லாது, அதை டிஎம்ஏ நீளமாகக் கொடுத்து மாட்டியவர்களை எண்ணி மாளாது. முகவரியை ஹார்டுவேர் நிர்ணயிக்கும் இடத்துக்கு, அதாவது ரெஜிஸ்டருக்கு, அந்தப் பாயின்டர் முறை. பஃபருக்கு அல்ல.

அரைபிட், நீங்கள் கேட்டதற்கு நேரடிப் பதில்: சி மொழியில் சொல்ல முடியாது. மொழிக்கு ரேம் எத்தனை துண்டு என்பதெல்லாம் தெரியாது. ஒவ்வொரு கம்பைலரும் தனக்குத் தோன்றியபடி ஒரு வழி வைத்திருக்கிறது. ஜிசிசியில் வேரியபிளுக்குப் பக்கத்தில் செக்‌ஷன் அட்ரிபியூட் எழுத வேண்டும். ஐஏஆரில் பெயருக்குப் பின்னால் அட் குறி போட்டு முகவரியையோ செக்‌ஷன் பெயரையோ எழுதலாம். பிக் சிப்களுக்கான எக்ஸ்சி8-ல் இரட்டை அடிக்கோட்டோடு அட் என்ற சொல், அடைப்புக்குறிக்குள் முகவரி.

இங்கேதான் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜிசிசியின் செக்‌ஷன் அட்ரிபியூட் வேரியபிளை எங்கும் *வைப்பதில்லை*. ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டுகிறது, அவ்வளவுதான். '.டிஎம்ஏபஃப்' என்று சீட்டு ஒட்டினால் கம்பைலர் வேலை முடிந்தது. அந்தச் சீட்டு உள்ளதை எந்த ரேமில் இறக்குவது என்று தீர்மானிப்பது லிங்கர் ஸ்கிரிப்ட். அங்கே அந்தப் பெயருக்கு வரியே இல்லையென்றால் லிங்கர் திட்டாது, அநாதை செக்‌ஷன் என்று அதுவாகவே ஓரிடம் பார்த்துச் செருகிவிடும், அது திரும்ப டிடிசிஎம்மாகவே இருக்கலாம். ஆர்ஃபன் ஹேண்ட்லிங் என்ற லிங்கர் ஆப்ஷனை எரர் என்று வைத்துவிட்டால் அநாதைகள் வந்தவுடனே பில்டு நின்றுவிடும். நான் எல்லா ப்ராஜெக்டிலும் முதல் நாளே அதைப் போட்டுவிடுவேன்.

ஆகவே இரண்டு வேலை. அரேயில் சீட்டு ஒட்டுங்கள். லிங்கர் ஸ்கிரிப்டில் மெமரி பகுதியில் 30000000-க்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கும், பெரும்பாலும் ரேம்_டி2, செக்‌ஷன்ஸ் பகுதியில் '.டிஎம்ஏபஃப்' எல்லாம் அதற்குள் போகட்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

#4 அரைபிட்

செய்தேன். மேப் ஃபைலில் (எது எங்கே இறங்கியது என்று லிங்கர் எழுதும் பட்டியல்) அரே 30000000-ல் உட்கார்ந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் இப்போது பின் (பைனரி) ஃபைல் 640 எம்பி!! காமா புள்ளி தப்பு இல்லை, அறுநூற்று நாற்பது. 2 எம்பி ஃபிளாஷ் உள்ள சிப்புக்கு. ஃபிளாஷ் செய்யும் டூல் திறக்கவே மாட்டேன் என்கிறது.

#5 நடுச்சாமம்

ஹா ஹா, வாருங்கள், இந்தச் சங்கத்தில் நாங்கள் எல்லோரும் உறுப்பினர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃபிளாஷ் 08000000-ல் தொடங்குகிறது, உங்கள் அரே 30000000-ல். நடுவில் உள்ள தூரம் ஹெக்ஸ் 28000000, அதாவது சரியாக 640 எம்பி. பின் ஃபைலில் முகவரி என்ற தகவலே கிடையாது, முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை வரிசையாக எழுதும், இடையில் உள்ள வெற்றிடத்தையும் பூஜ்யத்தால் நிரப்பி எழுதும். ஹெக்ஸ் ஃபைலாக எடுத்திருந்தால் சின்னதாகவே இருந்திருக்கும், ஏனென்றால் அதில் முகவரியும் சேர்ந்து வரும். ஆனால் அது நோயை மூடி மறைக்கிற வேலைதான்.

#6 லிங்கர்தாசன்

மன்னிக்கவும், இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆரம்ப மதிப்பு கொடுக்காத குளோபல் வேரியபிள் சாதாரணமாக .பிஎஸ்எஸ்-க்குப் போகும். .பிஎஸ்எஸ்-க்கு ஃபைலில் இடம் கிடையாது, "இவ்வளவு பைட் ஒதுக்கு" என்ற குறிப்பு மட்டும்தான். நீங்கள் சொந்தப் பெயர் வைத்தவுடன், இது வெறும் இடமா உள்ளடக்கம் உள்ள டேட்டாவா என்பதை ஜிசிசி அந்தப் *பெயரைப் பார்த்து* தீர்மானிக்கிறது. பெயர் '.பிஎஸ்எஸ்.' என்று தொடங்கினால் வெறும் இடம். வேறு பெயரென்றால் டேட்டா. உங்கள் அரேயில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 2048 பூஜ்யத்தை உள்ளடக்கமாக எழுதிவைக்கிறது, அதை 30000000-ல் ஏற்ற வேண்டும் என்று ஃபைலில் குறிப்பும் போடுகிறது. அதன் விளைவுதான் 640.

தீர்வு, லிங்கர் ஸ்கிரிப்டில் அந்த செக்‌ஷன் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நோலோட் என்று எழுதுவது. இல்லையென்றால் பெயரை '.பிஎஸ்எஸ்.டிஎம்ஏ' என்று மாற்றலாம், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு: வழக்கமான .பிஎஸ்எஸ் வரியில் நட்சத்திரக் குறி போட்டு ".பிஎஸ்எஸ் என்று தொடங்கும் எல்லாம்" என்று எழுதியிருப்பார்கள். லிங்கர் ஸ்கிரிப்டில் முதலில் பொருந்தும் வரிக்கே வெற்றி. உங்கள் வரி அதற்குக் கீழே இருந்தால் அரே பழையபடி டிடிசிஎம்முக்கே போய்விடும். உங்கள் வரியை மேலே வையுங்கள்.

இன்னொன்று, இது உங்களுக்கு இன்று தேவையில்லை என்றாலும் நாளை தேவைப்படும். நோலோட் போட்ட இடத்தை யாரும் பூஜ்யமாக்க மாட்டார்கள். குளோபல் என்றால் பூஜ்யத்தில்தான் தொடங்கும் என்று சி வாக்குக் கொடுக்கிறது, சரி, ஆனால் அந்த வாக்கை நிறைவேற்றுவது மெயினுக்கு முன்னால் ஓடும் ஸ்டார்ட்அப் கோடு. அதற்குத் தெரிந்தது இரண்டே வேலை: .டேட்டாவை ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுப்பது, .பிஎஸ்எஸ்-ஐ பூஜ்யமாக்குவது. நீங்கள் புதிதாகத் திறந்த பகுதியைப் பற்றி அதற்கு யார் சொன்னது? ஆரம்ப மதிப்புள்ள டேபிள் ஒன்றை அங்கே வைக்க வேண்டுமென்றால், அதன் நகல் ஃபிளாஷில் எங்கே இருக்கிறது என்று ஸ்கிரிப்டில் எழுதி, தொடக்கம் முடிவு இரண்டுக்கும் சிம்பல் வைத்து, ஸ்டார்ட்அப்பில் இன்னொரு நகலெடுக்கும் லூப் நீங்களே சேர்க்க வேண்டும்.

#7 பழைய_51

தம்பிகளா, இதையெல்லாம் படிக்கும்போது சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது. பழைய 8-பிட் சிப்பான 8051-ல் இந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் எந்த ரேம் என்று சொல்லாமல் அங்கே ஒரு வேரியபிள்கூட நிம்மதியாக எழுத முடியாது.

டேட்டா என்று எழுதினால் முதல் 128 பைட், நேரடியாகத் தொடலாம், ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன். ஐடேட்டா என்றால் மேல் 128-ம் சேரும், ஆனால் ஆர்0 அல்லது ஆர்1 வழியாக மறைமுகமாகத்தான். எக்ஸ்டேட்டா என்றால் வெளி ரேம், 64 கிலோபைட் வரை, டிபிடிஆரில் முகவரியை ஏற்றி மூவ்எக்ஸ் போட வேண்டும், ஒவ்வொரு பைட்டுக்கும் அந்த வலி. கோடு என்றால் ஃபிளாஷ். ஹெக்ஸ் 20 முதல் 2எஃப் வரை 16 பைட், அதிலிருக்கும் 128 பிட்டையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், அதற்கு பிடேட்டா. கெய்லில் வெறும் சொல், எஸ்டிசிசியில் முன்னால் இரட்டை அடிக்கோடு, மற்றபடி பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே சீட்டு ஒட்டுவதெல்லாம் இல்லை, கம்பைலருக்கே தெரியும், ஏனென்றால் இடத்துக்கு இடம் இன்ஸ்ட்ரக்‌ஷனே வேறு. பாயின்டருக்கும் அப்படியே: எந்த இடத்தைக் காட்டுகிறது என்று சொல்லாமல் விட்டால் மூன்று பைட் பாயின்டர், ஒரு பைட் இட வகை, இரண்டு பைட் முகவரி, ஒவ்வொரு முறையும் ஒரு லைப்ரரி ரொட்டீன் ஓடி "நீ எந்த ஊர்" என்று கேட்டுவிட்டுத்தான் படிக்கும்.

ஒரு பெரிய லூப்பின் எண்ணியை எக்ஸ்டேட்டாவிலிருந்து டேட்டாவுக்கு மாற்றி, அதுவரை திணறிக்கொண்டிருந்த சீரியல் போர்ட் மூச்சு விட்டதைப் பார்த்திருக்கிறேன். அதே நாளில் லார்ஜ் மாடலில் கம்பைல் செய்து எல்லாவற்றையும் எக்ஸ்டேட்டாவுக்கு அனுப்பிவிட்டு, ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்ட சக ஊழியரையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் லோக்கல் வேரியபிள். ஸ்டாக் அத்தனை சின்னது என்பதால் கம்பைலர் லோக்கல்களை ஸ்டாக்கில் வைக்காமல், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று மரம் வரைந்து, ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க முடியாத ஃபங்ஷன்களுக்கு ஒரே இடத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும். ஃபங்ஷன் பாயின்டர் வழியாகக் கூப்பிட்டால் அந்த மரம் அதற்குத் தெரியாது, இரண்டு ஃபங்ஷன் ஒன்றின் லோக்கலை மற்றொன்று மிதிக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன நாட்களை எண்ண விரும்பவில்லை.

#8 எட்டுபிட்பிரியன்

பெரியவர் சொன்னதன் தொடர்ச்சி: ஏவிஆர் சிப்களிலும் ஃபிளாஷும் ரேமும் தனித்தனி முகவரி வெளி, ஆனால் சி அதை ஒளித்து வைக்கிறது, அதனால்தான் புதியவர்கள் விழுகிறார்கள். அட்மெகா328பி-யில் ரேம் 2 கிலோபைட், ஃபிளாஷ் 32. ஒரு ஃபான்ட் டேபிளை கான்ஸ்ட் என்று எழுதிவிட்டு ஃபிளாஷில் இருக்கிறது என்று நம்புவார்கள். இருக்கும், ஆனால் ஸ்டார்ட்அப் அதை ரேமுக்கும் நகலெடுத்துவிடும், ஏனென்றால் சாதாரணப் பாயின்டர் ரேமைத்தான் படிக்கும். 1 கிலோபைட் டேபிள் என்றால் பாதி ரேம் போச்சு.

ப்ரோக்மெம் போட்டால் ஃபிளாஷிலேயே நிற்கும், ஆனால் படிக்கும்போது பிஜிஎம் ரீட் பைட் என்று தனியாகக் கேட்க வேண்டும். மறந்து நேராகப் படித்தால் பிழை வராது, அதே எண்ணுள்ள ரேம் முகவரியில் உள்ள குப்பை வரும். ஜிசிசி 4.7-லிருந்து இரட்டை அடிக்கோட்டு ஃபிளாஷ் என்ற சொல் வந்தது, அதைப் போட்டால் கம்பைலரே சரியான இன்ஸ்ட்ரக்‌ஷனைத் தேர்ந்தெடுக்கும். ஐஎஸ்ஓவின் டிஆர் 18037 சொன்ன பெயரிட்ட முகவரி வெளி என்ற யோசனைதான் அது. சி++-ல் கிடையாது, அதனால் அர்டுயினோ ஆட்கள் இன்னும் பழைய வழியில்தான்.

#9 புதுசிப்

குறுக்கே வருகிறேன். வாலட்டைல் போட்டுப் பார்த்தீர்களா அரைபிட்? எனக்கு டிஎம்ஏ பிரச்சினை அதில்தான் தீர்ந்தது.

#10 லிங்கர்தாசன்

வாலட்டைல் இடத்தை மாற்றாது. "ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்து படி, ரெஜிஸ்டரில் வைத்துக்கொள்ளாதே" என்று கம்பைலரிடம் சொல்கிறது. தேவைதான், ஆனால் அது வேறு நோய்க்கு மருந்து. உங்களுக்கு அந்த நோய் இருந்தது, தீர்ந்தது, அதில் சந்தேகமில்லை.

#11 அரைபிட்

நோலோட் போட்டேன். பின் ஃபைல் 38 கிலோபைட்டுக்கு இறங்கியது. டிஎம்ஏ எரர் கொடியும் இல்லை. பஃபரில் நிஜ மதிப்பு வந்தது!

ஆனால் சந்தோஷம் ஒரு நிமிடம்தான். முதல் முறை வந்த மதிப்புகள் அப்படியே உறைந்து நிற்கின்றன. ஏடிசியில் மாட்டிய பாட்டை (பொட்டென்ஷியோமீட்டர்) எவ்வளவு திருகினாலும் அதே எண்கள். வாலட்டைலும் போட்டாயிற்று, புதுசிப். டிஎம்ஏ கவுன்டர் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

#12 சாலிடர்புகை

கேஷ், அதாவது கோர் படித்ததன் நகலை வைத்துக்கொள்ளும் சின்ன வேக மெமரி. டிடிசிஎம்மில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதற்கு கேஷே கிடையாது. 30000000 கேஷ் வழியாகப் போகும் இடம். நீங்கள் ஒரு முறை படித்தீர்கள், அந்த 32 பைட் வரிகள் டி-கேஷில் உட்கார்ந்துவிட்டன, டிஎம்ஏ அடியில் உள்ள ரேமை மாற்றிக்கொண்டே இருக்கிறது, கோர் தன் பையில் உள்ள பழைய நகலையே படிக்கிறது. 743-ல் டி-கேஷ் 16 கிலோபைட், உங்கள் 2 கிலோபைட் பஃபர் அதில் சுகமாகக் குடியிருக்கும், யாரும் வெளியேற்ற மாட்டார்கள். வாலட்டைல் கம்பைலரோடு பேசுகிறது, கேஷோடு அல்ல.

இரண்டு வழி. ஒன்று, டிஎம்ஏ முடிந்தவுடன் படிப்பதற்கு முன் அந்த முகவரி வரம்பை இன்வேலிடேட் செய்வது, அதாவது கேஷில் உள்ள நகலைத் தூக்கி எறிவது. அப்படியானால் பஃபர் 32 பைட் எல்லையில் தொடங்க வேண்டும், நீளமும் 32-ன் மடங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே கேஷ் வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து வேரியபிளில் நீங்கள் எழுதியதும் சேர்ந்து அழியும், அதைத் தேடுவது நரகம். அனுப்பும் பஃபர் என்றால் எதிர்த்திசை, டிஎம்ஏவைத் தொடங்குவதற்கு முன் க்ளீன், அதாவது கேஷில் உள்ளதை ரேமுக்கு எழுதிவிடுவது.

இரண்டாவது, எம்பியு (மெமரிப் பகுதிகளுக்கு விதி வைக்கும் ஹார்டுவேர்) வைத்து அந்தப் பகுதிக்கு கேஷே வேண்டாம் என்று சொல்லிவிடுவது. பஃபர் சின்னதாக இருந்தால் எனக்கு இதுதான் பிடிக்கும், மறந்துபோக ஒன்றுமில்லை. எம்பியு பகுதியின் அளவு 2-ன் அடுக்காக இருக்க வேண்டும், தொடக்கம் அந்த அளவின் மடங்காக இருக்க வேண்டும். எஸ்ரேம்3 இதற்கென்றே செய்தது போல இருக்கிறது: 30040000, 32 கிலோபைட். டிஎம்ஏ பஃபர்கள் அனைத்தையும் அங்கே தள்ளுங்கள்.

அப்புறம், டி2 ரேம்களுக்கு (எஸ்ரேம்1, 2, 3) கிளாக்கை ஆர்சிசியில் (கிளாக்குகளைக் கட்டுப்படுத்தும் பகுதி) போட்டீர்களா? எஸ்ரேம்1-க்கு எங்கோ போட்டிருப்பது போல் தெரிகிறது, எஸ்ரேம்3-க்குத் தனி பிட். சிஸ்டம்இனிட்டிலேயே போட்டுவிடுவது நல்லது. சில பழைய ஸ்டார்ட்அப் ஃபைல்களில் .டேட்டா நகல் முடிந்த பிறகுதான் சிஸ்டம்இனிட் ஓடும், அந்தப் பகுதியில் ஆரம்ப மதிப்பு வைத்தால் வரிசையைச் சரிபாருங்கள்.

#13 நடுச்சாமம்

கேஷ் பேச்சு வந்ததால் ஒன்று. ரீசெட் ஆன பிறகும் அழியாமல் இருக்க வேண்டிய வேரியபிளுக்கும் இதே நோலோட் முறைதான் பயன்படுத்துவேன், பூட்லோடருக்கு "அப்டேட் மோடில் எழுந்திரு" என்று சொல்லும் மந்திர எண் மாதிரி. எஃப்4-ல் எழுதிவிட்டு ரீசெட் அடித்தால் போதும். எச்7-ல் கேஷ் உள்ள ரேமில் வைத்திருந்தேன்: எழுதினேன், ரீசெட் அடித்தேன், மறுமுனையில் பழைய எண். எழுதியது கேஷிலேயே நின்று ரீசெட்டோடு போய்விட்டது. ரீசெட்டுக்கு முன் க்ளீன் செய்ததும் சரியானது.

ஈஎஸ்பி32-ல் ஆழ்ந்த தூக்கத்தையும் தாண்டி நிற்க ஆர்டிசி டேட்டா அட்ரிபியூட் இருக்கிறது, மெதுவான ஆர்டிசி ரேம் 8 கிலோபைட். அங்கே இன்னொரு விதமான வலி: ஃபிளாஷில் எழுதும்போது கேஷ் அணைக்கப்படும், அந்த நேரத்தில் ஓடும் இன்டரப்ட் ஃபங்ஷனை ஐரேமில் வைத்துவிட்டு, அது படிக்கும் கான்ஸ்ட் டேபிளை ஃபிளாஷிலேயே விட்டுவிட்டால் பேனிக். டேபிளுக்கு டிரேம் அட்ரிபியூட் போட வேண்டும். ஸ்ட்ரிங்குகூட அப்படித்தான், நான் மாட்டியது ஒரு லாக் செய்தியில்.

#14 எட்டுபிட்பிரியன்

ஒரு கேள்வி, அரைபிட்டுக்கு அல்ல, பொதுவாக. மொத்த .பிஎஸ்எஸ்-ஐயும் 24000000-க்கு மாற்றிவிட்டால் இந்தச் சீட்டு வேலையே வேண்டாமே? டிஎம்ஏ1-ம் அங்கே எட்டுகிறது, 512 கிலோபைட் சும்மா கிடக்கிறது.

#15 லிங்கர்தாசன்

மாற்றலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், முதல் ப்ராஜெக்டுக்கு நல்ல யோசனைதான். கேஷ் பிரச்சினை அப்படியே இருக்கும், டிடிசிஎம்மின் வேகத்தையும் ஸ்டாக்குக்கு மட்டும் விட்டுவிடுகிறீர்கள். என் பழக்கம் நேர்மாறு: பெரிய, அவசரமில்லாத அரேக்களை ஏஎக்ஸ்ஐக்கு அனுப்பிவிட்டு, கன்ட்ரோல் லூப் தொடும் சின்னச் சின்ன வேரியபிள்களை டிடிசிஎம்மில் வைப்பேன். அளந்து பார்க்காமல் இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

#16 அரைபிட்

ஓடுகிறது. எஸ்ரேம்3-க்கு மாற்றி, கிளாக் பிட்டைப் போட்டு, எம்பியுவில் அந்த 32 கிலோபைட்டுக்கு கேஷை அணைத்தேன். பாட்டைத் திருகினால் எண் திரும்புகிறது, இரண்டு நாளில் முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். கிளாக் பற்றி சாலிடர்புகை அண்ணா சொன்னது சரி, எஸ்ரேம்1-க்கு மட்டும்தான் இருந்தது.

இப்போது மேப் ஃபைலை வரி வரியாகப் படிக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆர்ஃபன் ஆப்ஷனையும் எரர் ஆக்கினேன், உடனே யாரோ ஒரு லைப்ரரிக்காரர் வைத்த பெயர் தெரியாத செக்‌ஷன் ஒன்று மாட்டியது, அதுவும் டிடிசிஎம்மில் ஒளிந்திருந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. எஸ்பிஐ டிரைவரில் ஒரு ஃபங்ஷனுக்குள் 16 பைட் லோக்கல் அரே எடுத்து அதை டிஎம்ஏ1-இடம் கொடுத்திருந்தேன். ஸ்டாக் டிடிசிஎம்மில் இருக்கிறது, ஆக அதுவும் ஒருநாளும் ஓடியிருக்காது, இன்னும் டெஸ்ட் செய்யவில்லை என்பதால் தெரியவில்லை. அதற்கும் சீட்டு ஒட்டப் பார்த்தால் லோக்கலுக்கு செக்‌ஷன் போட முடியாது என்று ஜிசிசி கத்தியது. ஸ்டாட்டிக் ஆக்கியதும் வாயை மூடிக்கொண்டது.

#17 பழைய_51

டிஎம்ஏ முடிவதற்குள் அந்த ஃபங்ஷன் திரும்பியிருந்தால் ஸ்டாக் எந்த ரேமில் இருந்தாலும் அந்த லோக்கல் அரே மாட்டித்தான் இருக்கும் தம்பி. மற்ற டிரைவர்களிலும் ஒரு தடவை தேடிப் பார்.

#18 அரைபிட்

ஐ2சி-யில் இன்னும் இரண்டு இருக்கிறது.